பின்னால் நிற்க ஓர் ஆள்

ஷட்டர்காரர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு கடன்தான் பட்டிருந்தார். மனைவியின் தம்பியிடம், அதாவது மச்சானிடம், வாங்கிய நாற்பதாயிரம். சொந்தமாகப் பட்டறை போட, ஒரு வெல்டிங் மெஷினும் தகடு வளைக்கிற மெஷினும் வாங்குவதற்காகக் கேட்டது. அதை வட்டியோடு, சொன்ன தேதிக்கு முன்பே கொண்டுபோய் வைத்தார். மச்சான் எண்ணிப் பார்த்து உள்ளே வைத்துவிட்டு, வீட்டில் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "அன்னைக்கு நான் கை கொடுக்கலேன்னா மாமா இன்னும் எவன் பட்டறையிலயோ தகடு அறுத்துக்கிட்டுதான் இருந்திருப்பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். ஷட்டர்காரரும் சிரித்து வைத்தார். ஆனால் அன்றோடு சரி. அதற்குப் பிறகு அவர் எவரிடமும் எதையும் கேட்டதில்லை. ஏணியைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்றுகூடக் கேட்டதில்லை. சுவரில் இரண்டு ஆணி அடித்து, ஏணியை அதில் கட்டிவிட்டுத்தான் ஏறுவார்.

ஏறி என்ன செய்தார் என்று கேட்டால், கடைத்தெருவுக்குக் காலையில் போய் நின்று காது கொடுக்க வேண்டும். கடை திறக்கிற நேரத்தில் ஷட்டர்கள் வரிசையாகக் கடகடவென்று மேலே போகிற சத்தம் கேட்கிறதே, அதில் பாதி அவருடையது. பள்ளிக்கூடம் அவருக்கு நாலாம் வகுப்போடு போதும் போதும் என்றாகிவிட்டது. ஆனால் ஒரு கடை வாசலைப் பார்த்த மாத்திரத்தில் எத்தனை அடித் தகடு, எத்தனை சுற்று ஸ்பிரிங் என்று சொல்லிவிடுவார். படித்த இன்ஜினியர் டேப்பை எடுத்து நீட்டுவதற்குள் இவர் பென்சிலைக் காதில் செருகிவிடுவார். அவர் போட்ட ஷட்டர் ஒன்று பாதியில் சிக்கி நின்றது என்று ஒருவன் வந்து சொல்லட்டும், மீசையை எடுத்துவிடுகிறார். இதுவரை ஒருவனும் வரவில்லை. மீசை இருக்கிறது.

அப்படிப்பட்டவர் பட்டறையை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வீடு எவ்வளவு பெரிது என்று தெரிந்தது. இரண்டு மாடி. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அவரே கம்பி அடித்தது. மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று விமானத்தில் போகிற தூரத்துக்குப் போனவர்தான். பிரசவம் முடிந்து, குழந்தை தவழ்ந்து, நடந்து, இப்போது "பாட்டி போகாதே" என்று பேசவும் ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் டிக்கெட் தள்ளிப்போனது. தினமும் மத்தியானம் அவர் அங்கிருந்து போன் செய்வார்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"யாராவது வந்தாங்களா?"

"வராம என்ன? இப்பதான் கிளம்பிப் போறாங்க."

யாரும் வந்திருக்க மாட்டார்கள். சாப்பாட்டை அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிட்டு முடித்திருப்பார். உட்கார்ந்தால் எதிரே ஒரு நாற்காலி காலியாக இருக்கும். நின்றால் அந்தத் தொல்லை இல்லை.

சர்க்கரை பார்க்கப் போன இடத்தில் டாக்டர் அவருடைய தொடையை அமுக்கிப் பார்த்தார். "சதை கரையுதே. நடந்தா மட்டும் போதாது, எடை தூக்கணும்."

"டாக்டர், நான் தூக்காத எடையா?"

"அது பழைய கணக்கு. நான் இன்னைக்கு நிலவரத்தைச் சொல்றேன்."

இன்றைய நிலவரம் என்ற வார்த்தை அவருக்குச் சுருக்கென்றது. மறுநாளே கிளம்பிவிட்டார்.

அந்தப் பகுதியில் ஜிம் என்றால் இரண்டு. ஒன்றை மாடி ஜிம் என்பார்கள். துணிக்கடைக்கு மேலே கண்ணாடி வைத்து, ஏசி போட்டு, வெளியே இருந்து பார்த்தாலே ஆட்கள் ஓடுவது தெரிகிற மாதிரி இருக்கும். இன்னொன்றைக் கொட்டகை என்பார்கள். டயர் கிடங்குக்குப் பின்னால், தகரக் கூரை. உள்ளே என்ன நடக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் முதலில் போனது மாடி ஜிம்முக்கு. துணிக்கடை ஷட்டர் அவர் போட்டது, அதனால் அந்தக் கட்டடத்தின் மேல் ஒரு உரிமை. வரவேற்பில் இருந்த பெண் பல் தெரியச் சிரித்தாள்.

"வாங்க அங்கிள். எதுக்காக சேரணும்? எடை குறைக்கவா, இல்ல சும்மா ஆக்டிவா இருக்கவா?"

"சும்மா இருக்க முடியாமதாம்மா வந்திருக்கேன்."

அவள் அதற்கும் சிரித்தாள். ஒரு வாரம் இலவசமாக வந்து பார்க்கச் சொன்னாள். பார்த்தார். ஓடுகிற மெஷின் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு டிவி. சத்தம் கிடையாது, படம் மட்டும். எல்லார் காதிலும் ஏதோ ஒன்று செருகியிருந்தது. நடந்துகொண்டே இருந்தார்கள், எங்கேயும் போகவில்லை. எடை தூக்குகிற மெஷினில் ஊசியை ஒரு துளையில் குத்தினால் எடை கூடும், வேறு துளையில் குத்தினால் குறையும். பக்கத்தில் ஆள் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. ஷட்டர்காரர் அந்த மெஷினின் வேலைப்பாட்டை மெச்சினார். நல்ல கை செய்தது. ஆனால் இரண்டு தடவை இழுப்பதற்குள் பயிற்சி கொடுக்கிற பையன் ஓடிவந்து, "போதும் அங்கிள், ரெஸ்ட் எடுங்க" என்பான். அவரை அவன் கண்ணாடிச் சாமான் மாதிரிப் பிடித்து உட்காரவைத்தான். ஒரு வாரம் முடிந்ததும் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

கொட்டகைக்கு ஒரு பெண்மணி பொறுப்பு. ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும். ஒரு காலத்தில் எடை தூக்கி மெடல் வாங்கியவர். தோள் இரண்டும் கதவு மாதிரி. எல்லாரும் அவரைக் கோச் என்றுதான் கூப்பிட்டார்கள். ஷட்டர்காரர் உள்ளே போய் முதலில் கேட்டது கட்டணத்தைத்தான். கோச் மாதத் தொகையைச் சொன்னார். இவர் பர்ஸை எடுத்தார்.

"வருஷத்துக்கே கொடுத்துடறேன். அப்பப்ப வந்து நிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

"உள்ள வைங்க ஐயா. இங்க முன்பணம் வாங்குறதில்லை. மாசம் முடியட்டும். முழுசா வந்திருந்தா, அன்னைக்குக் கொடுங்க."

"பாதியில நின்னுட்டா?"

"பாதியில நிக்கிறவங்க காசு எனக்கு ஒட்டாது. மாடியில பாருங்க, வராதவங்க காசுலதான் ஏசி ஓடுது. எனக்கு ஏசியும் இல்லை, அந்தக் காசும் வேண்டாம்."

"அப்ப ஒரு மாசத்துக்கு நான் உங்களுக்குக் கடன்காரன்?"

"அப்படியே வச்சுக்கோங்களேன்" என்றார் கோச், இரும்பைத் துடைத்துக்கொண்டே.

அவருக்கு அங்கேயே திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் அந்த இரும்பு வாசனை விடவில்லை. துருவும் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. பட்டறை வாசனை. சரி, ஒரு மாதம்தானே என்று நின்றுவிட்டார்.

கோச் இன்னொன்றையும் சொன்னார். மூலையில் ஒரு பெஞ்ச் இருந்தது. அதில் மல்லாந்து படுத்து, மேலே தாங்கியில் இருக்கிற ராடை எடுத்து நெஞ்சுவரை இறக்கி மறுபடி தூக்க வேண்டும். "இதுல மட்டும் தனியா யாரும் படுக்கக்கூடாது. கை தளர்ந்துச்சுன்னா ராடு நெஞ்சு மேல உக்காந்துடும். பின்னாடி ஒரு ஆள் நிக்கணும். இங்க இருக்கிறவங்க யாரையாவது கூப்பிட்டுக்கோங்க."

"ஆளை நீங்க போட மாட்டீங்களா?"

"நான் போட்டா கடமைக்கு நிப்பாங்க. நீங்க கூப்பிட்டா கவனமா நிப்பாங்க."

அங்கே அதுதான் வழக்கம். சாயங்காலமானால் கொட்டகையில் இந்தச் சத்தம்தான் கேட்கும்: "அண்ணே, கொஞ்சம் பின்னாடி வாங்க." "டேய், வந்து நில்லுடா." "அக்கா, ஒரு கை." கூப்பிட்டவர் படுப்பார், வந்தவர் குனிந்து நிற்பார். பிறகு ஆள் மாறுவார்கள். பேர்கூடத் தெரியாமல் ஒருவர் உயிரை ஒருவர் இப்படிக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஷட்டர்காரர் மற்ற எல்லாவற்றையும் செய்தார். தோளில் ராடை வைத்து உட்கார்ந்து எழுந்தார். தரையிலிருந்து தூக்கினார். அவர் வயதுக்கு அது பெரிய விஷயம், கொட்டகையே திரும்பிப் பார்த்தது. பார்த்தால் சும்மா விடுவாரா?

"இதென்ன பிரமாதம்? நூத்தி இருபது கிலோ ஷட்டர் சுருளை ஒத்தை ஆளா ஏணியில ஏத்தினவன் நான். கீழ நின்ன நாலு பேர் வாயைப் பொத்திக்கிட்டாங்க."

பக்கத்தில் பஸ் டிரைவர் ஒருவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும், தொப்பைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இன்னும் சண்டை முடியாத உடம்பு. "அது சரி பெரியவரே. நூத்தி இருபது கிலோவை ஏத்தினவரு ஏன் அந்த பெஞ்ச் பக்கம் மட்டும் போகவே மாட்டேங்கிறீங்க? சுத்திச் சுத்தி வர்றீங்க, பொண்ணு பார்க்க வந்தவர் மாதிரி."

கொட்டகை சிரித்தது.

"போகலாம், போகலாம். என்ன அவசரம்?" என்றார் ஷட்டர்காரர்.

"ஆள் வேணும்னா ஒரு குரல் கொடுங்க. இங்கதான் இருக்கேன்."

குரல் கொடுப்பதுதானே கஷ்டம். வாய்வரை வந்தது. தொண்டையில் ஒரு நட்டு இறுக்கி வைத்த மாதிரி நின்றுவிட்டது. வேறு ஒருவர் கூப்பிட்டதும் டிரைவர் அந்தப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் போனில் மனைவி கேட்டார். "புது இடத்துல யார் கூட்டு?"

"கூட்டா? எல்லாரும் என்னைச் சுத்தித்தான் நிக்கிறாங்க."

"பார்த்துங்க. உங்களுக்கு வாய்தான் ஜாஸ்தி."

"வாய் மட்டுமா? கையும்தான்."

மாதம் பாதியைத் தாண்டியது. பெஞ்ச் அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு யோசனை. மத்தியானத்தில் கொட்டகையில் யாரும் இருப்பதில்லை. யாரும் இல்லாத இடத்தில் யாரிடமும் கேட்கவேண்டியதும் இல்லை. ஒருநாள் அந்த நேரம் பார்த்துப் போனார். கோச் டீ வாங்க எதிர்க்கடைக்குப் போயிருந்தார். ஷட்டர்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ராடின் இரண்டு பக்கமும் பிளேட்டை ஏற்றினார். அவ்வளவு அதிகமும் இல்லை, டிரைவர் விளையாட்டாகத் தூக்குகிற எடை.

பிளேட்டு நழுவாமல் இருக்க ராடின் இரண்டு முனையிலும் ஒரு லாக் உண்டு, திருகு வைத்தது. இங்கேதான் விஷயம். எடை தூக்கிப் பழகியவர்கள் ஆளில்லாமல் படுக்க நேர்ந்தால் அந்த லாக்கைப் போடவே மாட்டார்கள். கை தளர்ந்தால் ராடை ஒரு பக்கம் சாய்த்தால் போதும், பிளேட்டு வழுக்கித் தரையில் விழும், ஆள் பிழைத்துக்கொள்வார். ஷட்டர்காரருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் செய்திருக்க மாட்டார். எத்தனை வருடமாக எத்தனை நட்டு. எதையும் இறுக்காமல் விட்டு ஏணியிலிருந்து இறங்கிய கையா அது? இரண்டு லாக்கையும் திருகி, இன்னும் ஒரு சுற்று திருகி, தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, படுத்தார்.

முதல் தடவை போனது. இரண்டாவதும் போனது. தனக்குத்தானே "பாத்தியா" என்றுகூடச் சொல்லிக்கொண்டார். மூன்றாவது தடவை நெஞ்சுக்கு வந்த ராடு அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

தள்ளினார். வரவில்லை. இடதுபுறம் சாய்த்தார், பிளேட்டு அசையவில்லை. அவர் கை இறுக்கியது அசையுமா? வயிற்றுப் பக்கமாக உருட்டப் பார்த்தார், விலா எலும்பில் ஏறிக் கண்ணில் பூச்சி பறந்தது. மறுபடி நெஞ்சுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு, மேலே தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கூரையில் ஓர் ஆணி ஓட்டை வழியாக வெளிச்சம் விழுந்தது. எவனோ வாஷர் போடாமல் அடித்திருக்கிறான் என்று அந்த நிலைமையிலும் தோன்றியது.

கத்தியிருக்கலாம். எதிர்க்கடைக்குக் கேட்கும். ஆனால் என்னவென்று கத்துவது? யாரைக் கூப்பிடுவது? இத்தனை நாள் வந்தும் ஒருவர் பேரும் அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லாமல் இல்லை, அவர் கேட்கவில்லை.

ஆணியில் மாட்டிய சட்டைப் பையில் போன் அடித்தது. மனைவிதான், அந்த நேரத்துக்கு வேறு யார் கூப்பிடப் போகிறார்கள். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. சாப்பிட்டீங்களா என்று கேட்கத்தான். அது அடிக்க அடிக்க சட்டை லேசாக நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தவருக்கு, எப்போது என்று தெரியவில்லை, கண் ஓரமாகத் தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது.

"யாராவது இருக்கீங்களா?" என்றார். அது கடையில் சில்லறை கேட்கிற சத்தத்தில்தான் வந்தது. மூச்சை இழுத்தார். "யாராவது வாங்களேன்!"

கோச் உள்ளே வந்தார். கையில் டீ. ஒரு பார்வை பார்த்தார். டீயைச் சிந்தாமல் கீழே வைத்தார். பிறகு பெஞ்சின் தலைமாட்டுக்கு வந்து, ராடைப் பிடித்து, ஒரு தம்மில் தூக்கித் தாங்கியில் போட்டார்.

ஷட்டர்காரர் எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சில் சிவப்பாக ஒரு கோடு. கோச் இரண்டு முனை லாக்கையும் திருப்பிப் பார்த்தார், அவை திரும்பவில்லை. அதைப் பார்த்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது.

"வீட்ல யாரு இருக்கா?"

இவர் ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார்.

"உங்களுக்கு இன்னைக்கு ஏதாவது ஆகியிருந்தா, நான் எங்க போய், யார்கிட்ட, என்னன்னு சொல்லியிருப்பேன் ஐயா? நாளையிலேர்ந்து வராதீங்க."

"தப்புதான். விடுங்க." சட்டையிலிருந்து பர்ஸை எடுத்தார். "வந்த நாளுக்காவது வாங்கிக்கோங்க. கடன் வச்சிட்டுப் போறவன் இல்ல நான்."

"மாசம் முடியலியே. எப்படி வாங்குறது?"

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

கோச் டீயைக் கையில் எடுத்துக்கொண்டார். "இங்க வர்றவங்கள்ல யாராவது ஒருத்தர் என்கிட்ட வந்து, இவருக்குப் பின்னாடி நான் நிக்கிறேன்னு சொல்லட்டும். அன்னைக்கு வாங்க. விட்ட இடத்துலேர்ந்து மாசத்தை எண்ணிக்கலாம்."

அன்று மனைவியிடம், போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டதாகச் சொன்னார்.

மாடி ஜிம்முக்கே போனார். மூன்று மாதத்துக்குப் பணம் கட்டினார். காசு அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அங்கே பணத்தை முன்னாலேயே சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள், ரசீதோடு சிரிப்பும் கொடுத்தார்கள். மெஷினில் ஏறி நடந்தார். நெஞ்சில் கோடு மஞ்சளாகி, பச்சையாகி, மறைந்துகொண்டிருந்தது. பக்கத்து மெஷினில் அவர் வயதுக்காரர் ஒருவர் நடந்துகொண்டிருந்தார். டிவியில் ஏதோ ஓர் ஊரில் வெள்ளம், ஒரு கடையின் ஷட்டரைத் தண்ணீர் வளைத்துப் போட்டிருந்தது.

"தகடு மெலிசு" என்றார் ஷட்டர்காரர். "கேஜ் பார்த்து வாங்கியிருந்தா இப்படி வளையாது."

அந்த மனிதர் காதிலிருந்து ஒன்றை மட்டும் பிடுங்கினார். "சாரி?"

"ஒண்ணுமில்லை. ஷட்டரைச் சொன்னேன்."

"ஓ." மறுபடி செருகிக்கொண்டார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே வேகத்தில், எங்கேயும் போகாமல் நடந்தார்கள். எதிர்க் கண்ணாடியில் இரண்டு கிழவர்கள். ஷட்டர்காரர் சிவப்புப் பொத்தானை அமுக்கி இறங்கினார். வரவேற்புப் பெண் "பை அங்கிள்" என்றாள், தலையைத் தூக்காமல்.

மறுநாள் அவர் டிரைவர் ஓட்டுகிற பஸ்ஸைப் பிடித்தார். எந்த வழித்தடம் என்பது கொட்டகைப் பேச்சில் காதில் விழுந்திருந்தது. டிக்கெட் எடுத்து, டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார். டிரைவரின் பிடரி தெரிந்தது. கண்ணாடியில் அவருடைய கண்ணும் தெரிந்தது. அந்தக் கண் இவரைப் பார்த்துவிட்டு, ஒரு புருவத்தை மட்டும் தூக்கி, மறுபடி ரோட்டுக்குப் போய்விட்டது. கடைசி நிறுத்தம் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். ஷட்டர்காரரும் இறங்கி, வாயைத் திறந்து, மூடி, மறுபடி அதே பஸ்ஸில் ஏறித் திரும்பி வரவும் டிக்கெட் எடுத்தார். அந்த முனையிலும் அதே கதை.

மறுபடி கடைசி நிறுத்தம் வந்ததும் டிரைவர் இன்ஜினை நிறுத்தினார். கதவில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"பெரியவரே, நான் உங்களை எங்க இறக்கி விடணும்? சொல்லிட்டீங்கன்னா ரெண்டு பேருக்கும் நல்லது."

"சும்மாதான். காத்து வாங்க."

"அப்ப ஜன்னல் பக்கம்ல உக்காரணும்? என் முதுகு என்ன ஃபேனா?"

ஷட்டர்காரர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. டிக்கெட்டுகள் கைக்குள் கசங்கி ஈரமாகிவிட்டிருந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டார். மச்சானிடம் நாற்பதாயிரம் கேட்கப் போனபோதுகூட இவ்வளவு வியர்க்கவில்லை. அன்று வயதும் இருந்தது, திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற தைரியமும் இருந்தது. இதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

"தம்பி. கோச் என்னை வரக்கூடாதுன்னுட்டாங்க."

"கேள்விப்பட்டேன். லாக்கை வெட்டி எடுக்க வேண்டியதாப் போச்சாமே. கையா அது, இடுக்கியா?"

"யாராவது எனக்காகச் சொன்னா விடுவாங்களாம்." நிறுத்தினார். ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள், அவளுக்கு வழி விட்டார். பிறகு ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "எனக்குப் பின்னாடி... நீ நிக்கிறியா?" என்றார்.

டிரைவர் அவர் கையில் கசங்கிய டிக்கெட்டுகளைப் பார்த்தார்.

"இதைக் கேக்கவா இத்தனை டிக்கெட்?"

"ம்."

"டெய்லி நாப்பது அம்பது பேருக்கு முன்னாடி உக்கார்றேன். ஒருத்தருக்குப் பின்னாடி நின்னா தேய்ஞ்சா போயிடுவேன்?" ஏறிக்கொண்டே சொன்னார். "ஆனா ஒண்ணு பெரியவரே. எனக்கு வேற டிப்போ போட்டாச்சு. குடும்பத்தோட கிளம்புறோம். இன்னும் ரெண்டு வாரம்தான் இங்க. உங்க மாசம் அதுக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"முடிஞ்சிடும்" என்றார் ஷட்டர்காரர்.

கொட்டகையில் டிரைவர் கோச்சிடம் போய், "இவர் என் ஆள்" என்றார். அவ்வளவுதான். கோச் தலையை ஆட்டினார். ஷட்டர்காரர் பெஞ்சில் படுத்தார். தலைக்கு மேல் டிரைவரின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. மூக்குத் துவாரம், தாடையில் சவரக் கத்தி விட்ட முடி, நெற்றியிலிருந்து இறங்கிவரும் வியர்வை. டிரைவரின் இரண்டு கையும் ராடுக்கு அடியில், தொடாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு நின்றன. அவருடைய கண் இவரை விட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகவில்லை. கடைசியாக ஒரு மனிதர் தன்னை இப்படிக் கண் கொட்டாமல் பார்த்தது எப்போது என்று ஷட்டர்காரர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"யோசனை பண்ணாதீங்க, தூக்குங்க."

தூக்கினார்.

"அது நீங்க தூக்கினது. நான் தொடல."

"தெரியும்டா" என்றார். எப்போது 'டா' வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. டிரைவரும் கண்டுகொள்ளவில்லை.

பிறகு டிரைவர் படுப்பார், இவர் பின்னால் நிற்பார். நூற்றி இருபது கிலோ கதையை அந்த நாட்களில் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் சுருள் கொஞ்சம் கனத்தது. "போன வாரம் நூத்தி இருபதுதானே இருந்துச்சு?" என்பார் டிரைவர். "மழையில நனைஞ்சிருக்கும்டா" என்பார் இவர். கொட்டகைக்கு வெளியே இருவரும் ஒருநாளும் சந்தித்துக்கொள்ளவில்லை. டிரைவருக்கு மூட்டை கட்டுகிற வேலை, பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் தேடுகிற வேலை. ஷட்டர்காரர் வீட்டுக்குப் போய் நின்றபடி சாப்பிடுவார்.

அந்த வாரத்தில்தான் மனைவி, டிக்கெட் மறுபடி தள்ளிப்போகிறது என்றார். குழந்தையை ஸ்கூலில் சேர்க்கிறார்களாம், கொண்டுவிட ஆள் இல்லையாம்.

"வேணும்னா சொல்லுங்க, வந்துடறேன்."

வா என்பது ஒரே ஓர் எழுத்து. ஷட்டர்காரர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் விரலால் தட்டினார்.

"இருந்துட்டு வா. எனக்கென்ன இங்க? ஆளுங்க இருக்காங்க."

"அதானே, உங்களைச் சுத்தித்தான் எல்லாரும்" என்று அவர் சிரித்தார். போனை வைத்த பிறகு ஷட்டர்காரர் பொழுது சாயும்வரை அந்த ஜன்னலிலேயே நின்றார். ஆள் கேட்கிற வார்த்தை அவரிடம் ஒன்றுதான் இருந்தது, அதைப் பஸ்ஸில் செலவழித்துவிட்டார்.

மாதத்தின் கடைசி நாள் டிரைவருக்கும் கொட்டகையில் கடைசி நாள். வழக்கம்போல ஆள் மாறி ஆள் தூக்கினார்கள். முடித்துவிட்டு டிரைவர் துண்டைத் தோளில் போட்டார்.

"வரட்டுமா பெரியவரே? வீட்ல லாரி வந்து நிக்கும்."

"போய்ட்டு வா. அங்க நல்ல ஜிம்மாப் பார்த்துச் சேரு. மாடியில இருக்கிற மாதிரி வேண்டாம்."

"லாக்கை மெதுவாத் திருகுங்க."

"உன் பேர் என்னன்னு நான் கேக்கவே இல்லை."

டிரைவர் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, டயர் கிடங்கைத் தாண்டிப் போய்விட்டார். ஷட்டர்காரர் அந்தப் பேரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். கூப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

உள்ளே ஏழெட்டு பேர் இருந்தார்கள். "அண்ணே, பின்னாடி வாங்க" என்று ஒரு மூலையில் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அவரை இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கோச்சின் மேஜைக்குப் போனார்.

"மாசம் முடிஞ்சுது" என்றார்.

"முடிஞ்சுது" என்றார் கோச். "அடுத்த மாசம் உங்களுக்குப் பின்னாடி யார் நிக்கிறாங்க?"

ஷட்டர்காரர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். நைட் டியூட்டிக்குப் போகும் முன் வருபவள், தரையிலிருந்து தன் எடையைப்போல இருமடங்கைத் தூக்குபவள். அவளும் தனியாகத்தான் வந்து போகிறாள் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. வாயைத் திறந்தார். நட்டு மறுபடி வந்து நின்றது.

"முதல்ல இதை முடிச்சுக்கிறேம்மா. அப்புறம் கேக்கிறேன்."

பர்ஸைத் திறந்தார். கோச் இரும்புக் கறையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார். காப்புக் காய்த்த கை. மொத்தமாக வைத்திருக்கலாம், ஆனால் அவர் அப்படி வைக்கவில்லை. ஒவ்வொரு நோட்டாக நீவி, வாய்விட்டு எண்ணி, ஒன்றின்மேல் ஒன்றாக அந்தக் கையில் வைத்தார். கோச் அவசரப்படுத்தவில்லை. கடைசி நோட்டு வந்தபோது ஷட்டர்காரர் பெஞ்ச் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அதைக் கொஞ்ச நேரம் விரலிடுக்கில் பிடித்திருந்தார், பிறகு அதையும் வைத்தார்.